அண்ணனுக்கு நான் கொடுத்ததும், கொடுக்காமல் இருந்த எட்டு மாதமும்

அண்ணன் நம்மை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பாதிப் பேர் கருமாதி அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே வார்த்தையைச் சொன்னீர்கள். "தெய்வம் மாதிரி தங்கச்சி." பந்தியில் சாம்பார் ஊற்றியவர்கூடச் சொன்னார். அங்கேயே கத்த வேண்டும் போல இருந்தது. அண்ணன் படத்துக்கு முன்னால் கத்தக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். இப்போது எழுதுகிறேன். எனக்கு அழகாக எழுத வராது. உள்ளதைச் சொல்லத் தெரியும்.

நான் தெய்வம் இல்லை. நான் பயந்தவள். அண்ணனுக்குச் சிறுநீரகம் கொடுக்க முடியாது என்று ஒரு முறை சொல்லிவிட்டு, உங்கள் எல்லாருக்கும் ஒரு பொய்யும் சொன்னேன். அதைச் சொல்வதற்கு முன் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலர் அவருடையது.

பொன்னேரிக்குப் பக்கத்தில், ஏரிக்கரையை ஒட்டிய எங்கள் காலனியில் அண்ணன் பிறந்தார். எங்கள் நைனா நெல் வயலில் கூலி வேலை செய்தவர். மூன்று பிள்ளைகளில் அண்ணன் மூத்தவர், நான் நடு, தம்பி கடைசி. அண்ணன் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிய கோடையில் நைனா மஞ்சள் காமாலையில் இறந்தார். பரீட்சை முடிவு வந்த அன்று அண்ணன் வீட்டில் இல்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு ரோலிங் மில்லில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். மதிப்பெண் பட்டியலை அம்மாதான் போய் வாங்கி வந்தார். நல்ல மதிப்பெண். என்ன செய்வது.

அந்த வேலையைப் பார்க்காதவர்களுக்காக எழுதுகிறேன். உலையில் பழுத்த இரும்பு உருளைகளுக்கு நடுவே நசுங்கி நீளக் கம்பியாக வெளியே பாயும். அதை இடுக்கியால் கவ்வி, உடம்போடு திரும்பி, அடுத்த உருளைக்குள் விட வேண்டும். ஒரு நொடி தவறினால் பிடித்தவனுக்கும் ஆபத்து, பக்கத்தில் நிற்பவனுக்கும் ஆபத்து. அண்ணன் அந்த வரிசையில் பல வருடம் நின்று, பிறகு அந்த வரிசைக்கே மேஸ்திரி ஆனார்.

மேஸ்திரிகள் அங்கே ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். ஷிப்டு தொடங்கும் முன் யாராவது வந்து, "இன்னிக்கி கை ஓடல மேஸ்திரி" என்று சொன்னால் போதும். அன்றைக்கு அவனை வரிசையில் நிறுத்த மாட்டார்கள். கம்பி கட்டவோ தரை கூட்டவோ அனுப்பிவிடுவார்கள். காரணம் கேட்பதில்லை. மனைவியோடு சண்டையா, கெட்ட கனவா, முந்தின நாள் எவனுக்காவது அடிபட்டதைப் பார்த்த பயமா, எதுவாக இருந்தாலும் சரி. அந்த மில்லில் எல்லாவற்றுக்கும் கிண்டல் உண்டு. அண்ணனுடைய சொட்டையைக் கிண்டல் செய்வார்கள், டிபன் பாக்ஸைக் கிண்டல் செய்வார்கள். கை ஓடல என்று சொன்னவனை மட்டும் யாரும் கிண்டல் செய்ததில்லை என்று அண்ணன் பெருமையாகச் சொல்வார்.

அந்த வேலைதான் அவர் உடம்பையும் கெடுத்தது. தோளிலும் இடுப்பிலும் வலி. அந்த வரிசையில் நின்ற எல்லாருக்குமே வலி. மெடிக்கலில் சீட்டு இல்லாமல் வலி மாத்திரை வாங்கி, வேலைக்கு முன்னால் ஒன்று, வேலை முடிந்து ஒன்று என்று மிட்டாய் மாதிரி விழுங்கினார்கள். ஒண்டிக்கட்டையாக இருந்த காலத்திலிருந்து மகள் பள்ளிக்கூடம் போகும் வரை அண்ணன் அப்படி விழுங்கினார். இரத்தக் கொதிப்பும் இருந்திருக்கிறது. யாரும் அளந்து பார்க்கவில்லை. கால் வீங்கியபோது செருப்புதான் சின்னதாகிவிட்டது என்று புதுச் செருப்பு வாங்கினார். இந்த முட்டாள்தனத்தை நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மருத்துவமனையில், "எத்தனை வருஷமா இந்த மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று கேட்டார்கள்.

"பத்து பன்னெண்டு வருஷமா சார். ஒரு நாள் லீவு போட்டது கிடையாது" என்றார் அண்ணன். பாராட்டுவார்கள் என்று நினைத்தாரோ என்னவோ.

இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்துக்கு இரண்டு நாள் சென்னைக்கு ரயிலில் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு வருவார். அண்ணி கூடப் போவார். டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக இடது கையில் ரத்தக் குழாய்களை இணைத்துத் தைத்திருந்தார்கள். அந்த இடத்தில் விரலை வைத்தால் தோலுக்குள் ஒரு மோட்டார் ஓடுவது போல உறுமும். "தொட்டுப் பாரு பாப்பா, கரண்ட் பில்லு வராத மோட்டாரு" என்று சிரிப்பார். நான் ஒரு முறைதான் தொட்டேன். அந்த உறுமல் என் விரலில் பல நாள் இருந்தது.

மாற்று சிறுநீரகம் வைத்தால் நன்றாக இருப்பார் என்றார்கள். யார் கொடுப்பது? அம்மாவுக்குச் சர்க்கரை நோய். அண்ணிக்கு வேறு ரத்த வகை. மிச்சம் இருந்தது நானும் தம்பியும். தம்பியை யாரும் கேட்கவே இல்லை.

"அவனுக்கு இன்னும் கல்யாணம் ஆவல. ஒரு கிட்னி இல்லாத பையனுக்கு எவ பொண்ணு குடுப்பா?" என்றார் அம்மா.

"அப்போ எனுக்கு?"

"உனுக்குதான் ரெண்டு புள்ளையே பொறந்தாச்சே."

கல்யாணம் ஆகி, பிள்ளை பெற்று முடித்த பெண்ணின் உடம்பு இனி எதற்கு என்பதுதான் அதற்கு அர்த்தம். தம்பி இதைப் படித்தால் கோபப்படுவான். படட்டும். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவனைக் கேட்காமல் விட்டவர்கள் மேல்தான் கோபம். அந்த மருத்துவமனை வராந்தாவில் தானம் கொடுக்க வந்து உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தேன். அம்மா, மனைவி, அக்கா, தங்கை. ஆண்கள் எல்லாரும் பக்கத்தில் பையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

சரி என்றேன். வாயால் சொல்வது சுலபம். பரிசோதனை மேல் பரிசோதனை. ஒரு நாள் முழுக்கப் போகும் சிறுநீரை ஒரு கேனில் பிடித்து எடுத்து வரச் சொன்னார்கள். கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னை வரை, லோக்கல் ரயில் கூட்டத்தில், துணிப்பைக்குள் அந்தக் கேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். டயாலிசிஸுக்கு அண்ணனும் அதே ரயிலில் வந்தார்.

"ஜாக்கிரதையா புடிச்சிக்கோ பாப்பா. நான் காசு குடுத்தாலும் கெடைக்காத சரக்கு அது" என்றார். பக்கத்தில் நின்ற பெண் பைக்குள் என்ன என்று எட்டிப் பார்த்தாள். நாங்கள் இருவரும் சிரித்துவிட்டோம்.

ஆனால் எனக்குள் பயம் ஏறிக்கொண்டே இருந்தது. ஸ்கேன் எடுத்த அன்று, ஒப்புதல் படிவத்தைப் படித்துப் பார்க்கச் சொன்னார்கள். அதில் உயிரிழப்பு என்ற ஒரு சொல் இருந்தது. மற்ற எந்தச் சொல்லும் என் கண்ணில் படவில்லை. என் இரண்டு பெண் பிள்ளைகளுக்கு யார் தலை வாருவார்கள் என்று யோசித்தேன். மிச்சம் இருக்கும் ஒன்றும் கெட்டுப்போனால் என் கையிலும் அந்த மோட்டார் உறுமும் என்று யோசித்தேன். அப்போது எனக்குக் கொடுக்க யார் இருக்கிறார்கள்? நான் வேலை பார்க்கும் கம்பெனியில் இருக்கும்போது கை தானாக இடுப்புப் பக்கம் போய்த் தடவும். குளிக்கும்போது தடவுவேன். உள்ளே இருப்பது வெளியே தெரியாது. ஆனாலும் தடவிப் பார்ப்பேன்.

கடைசி நாள், தானம் கொடுப்பவரைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மா கூப்பிட்டார். நான் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருக்கிறேன். அன்றைக்குப் பாதி ஷிப்டில் பர்மிஷன் வாங்கிக்கொண்டு, யூனிபார்மோடும் கழுத்தில் தொங்கும் கம்பெனி கார்டோடும் நேராக வந்திருந்தேன். அம்மா, அண்ணன், அண்ணி எல்லாரையும் வெளியே உட்கார வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார் டாக்டரம்மா.

"உங்களை யாராவது கட்டாயப்படுத்துறாங்களா?"

"இல்ல மேடம்."

"பயமா இருக்கா?"

என் கை இடுப்புப் பக்கம் போனது. அவர் பேனாவை மூடி வைத்தார்.

"இங்க பாருங்கம்மா. வேணாம்னு தோணுச்சுன்னா இப்பவே சொல்லுங்க. இவங்க தானம் கொடுக்க ஏற்றவங்க இல்லைன்னு மட்டும் எழுதிடுவேன். காரணம் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். உங்க அண்ணன்கிட்டகூட."

இப்படி ஒரு கதவு இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. திறந்து காட்டியதும் ஓடிவிட்டேன். "வேணாம் மேடம்" என்றேன். அழுதேன். அவர் தண்ணீர் கொடுத்தார். திட்டவில்லை.

வெளியே வந்ததும் அம்மா எழுந்து வந்தார். "இன்னாடி சொன்னாங்க?"

ஏற்றவள் இல்லை என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருக்க வேண்டும். அம்மா என் முகத்தையே பார்த்தது எனக்குத் தாங்கவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "குரூப்பு சேரலயாம்மா."

ரத்த வகையை முதல் நாளே பார்த்துவிடுவார்கள். அது சேராவிட்டால் மற்ற பரிசோதனைகளே கிடையாது. இத்தனை வாரம் அலைந்த பிறகு அப்படி ஒரு பொய்யைச் சொன்னேன். அம்மாவுக்கு அது தெரியாது. அண்ணிக்கும் தெரியாது. அம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு, "சேரலன்னா இன்னா பண்றது? ரத்தத்த மாத்தவா முடியும்? வா, நாஷ்டா துன்னலாம், காலையிலேர்ந்து பட்டினியா கீற" என்றார். எழுந்து வந்து என் கழுத்துக் கார்டை எடுத்துத் துப்பட்டாவுக்குள் தள்ளிவிட்டார். "இத்த உள்ள போடு பாப்பா. ட்ரெயின்ல கூட்டம். எவனாச்சும் புட்சி இழுத்துருவான்."

அன்று முதல் எட்டு மாதம்.

ஒரு நாளைக்கு மூன்று சின்ன டம்ளர் தண்ணீர்தான் குடிக்கலாம் என்பது அண்ணனுக்கு விதி. உலைக்கு முன்னால் நின்று சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்த மனிதர். கோடையில் ஐஸ் துண்டை வாயில் போட்டுக்கொண்டு, அது கரையும் வரை கண்ணை மூடிக்கொள்வார். இரண்டு டயாலிசிஸுக்கு நடுவே நுரையீரலில் நீர் கட்டும். படுத்தால் மூச்சு முட்டும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவார். நான் வாரா வாரம் போய்ப் பார்ப்பேன். போகாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று போவேன். நான் எவ்வளவு கேவலமாக இருந்தேன் என்பதற்கு இதைச் சொல்கிறேன்.

அண்ணன் மகள் வயதுக்கு வந்து தண்ணீர் ஊற்றிய அன்று எல்லாரும் வந்திருந்தீர்கள். எங்கள் அத்தை, எல்லார் காதிலும் விழும்படி என்னைப் பார்த்து, "கூடப் பொறந்த ரத்தமாம், சேரலயாம். எந்த ஊர்ல கீது இந்த அதிசயம்? குடுக்க மனசு இல்லன்னு சொல்லிட்டுப் போவேண்டிதானே" என்றார்.

மூச்சு வாங்க உட்கார்ந்திருந்த அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். "அத்த, உன் கூடப் பொறந்தவருதான் எங்க நைனா. உன் மூக்கு இன்னா அவருக்கு இருந்துச்சா? அதுமாரிதான் ரத்தமும். பெரிய டாக்டராட்டம் பேசாத. போய் வடை சூடா கீதான்னு பாரு." எல்லாரும் சிரித்தார்கள். அத்தையும் சிரித்துவிட்டார். நான் பாத்திரம் கழுவும் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

எட்டாவது மாதத்தில் எங்கள் கம்பெனியில் ஒரு விபத்து. பிரஸ் இயந்திரத்தில் வடமாநிலத் தொழிலாளி ஒருவரின் கை நசுங்கிவிட்டது. மருத்துவமனையில் ரத்தம் கேட்டார்கள். சூப்பர்வைசர் பேக்கிங் பிரிவுக்குள் ஓடி வந்து, ஒவ்வொருவர் கழுத்துக் கார்டாகத் திருப்பிப் பார்த்தார். விபத்து நடந்தால் எந்த ரத்தம் ஏற்றுவது என்று தெரிவதற்காகத்தானே அதில் ரத்த வகையை அச்சடிக்கிறார்கள். என் கார்டைப் பிடித்து, "ஓ பாசிட்டிவ்! வாங்க வாங்க, வண்டியில ஏறுங்க" என்றார்.

ஏறினேன். கொடுத்தேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அந்தத் தொழிலாளியின் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஒரு பாக்கெட் பிஸ்கட்டும் ஒரு டப்பா ஜூஸும் கொடுத்தார்கள். ஜூஸைக் குடித்துக்கொண்டே கார்டைத் திருப்பிப் பார்த்தேன். என் பெயர், என் படம், அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் ரத்த வகை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்று மருத்துவமனை வராந்தாவில் இது என் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் இதைத் தொட்டு உள்ளே தள்ளினார். அண்ணன் பத்தாவது படித்தவர்.

அன்று சாயங்காலம் ஷிப்டு பஸ்ஸில் ஏறாமல் நேராக அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணி கடைக்குப் போயிருந்தார். அண்ணன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கதவுக்குப் பின்னால் ஆணியில் அவருடைய பழைய மில் கார்டு, சாவிக் கொத்தோடு தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்துப் பார்த்தேன். அவருடையதும் ஓ பாசிட்டிவ்.

"அண்ணா, உனுக்குத் தெரியுமா?"

அவர் என் கையில் இருந்த கார்டைப் பார்த்தார். "தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"அன்னிக்கே. நீ குரூப்பு சேரலன்ற, கழுத்துல கொட்டை எழுத்துல போட்டுக்கினு நிக்கற. அண்ணி பாத்துருவாளோன்னு எனுக்கு பேஜாரா பூட்ச்சு. அதான் உள்ள போட்டேன்."

"ஏண்ணா கேக்கல? ஒரு அறை வுட்டிருக்கலாமில்ல?"

"உனுக்கு அன்னிக்கி கை ஓடல. அவ்ளோதானே?" என்றார். மூச்சு வாங்கியது. "கை ஓடாதவன் கைல இடுக்கிய குடுக்கறவன் மேஸ்திரியே கெடையாது. வுடு. டீ போடு. எனுக்கு அரை டம்ளரு போதும்."

நான் டீ போடவில்லை. சண்டை போட்டேன். இவ்வளவு நாளாக என்னை நடிக்க விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தாயா என்று கத்தினேன். குற்றம் செய்தவள் நான், கத்தியதும் நான். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். நான் கொடுக்கிறேன் என்றேன். வேண்டாம் என்றார்.

"பயம் பூட்ச்சா?" என்று கேட்டார்.

"போவல. இப்பவும் பயமாத்தான் கீது."

"அப்பறம் இன்னாத்துக்கு?"

"கை ஓடல தான். ஓடாட்டியும் நிக்கறேன்."

அவர் ஐஸ் துண்டு இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார்.

அண்ணன் சம்மதிக்க மூன்று வாரம் ஆயிற்று. வீட்டில், மறுபடியும் சோதித்ததில் சேர்ந்துவிட்டதாம் என்று சொன்னோம். இரண்டாவது பொய். இந்த முறை அண்ணனும் கூட்டு. அதே டாக்டரம்மாவிடம் போனேன். கதவைச் சாத்திவிட்டு அதே கேள்வியைக் கேட்டார். "பயமா இருக்கா?" "இருக்கு மேடம். எழுதிக்கோங்க, இருந்தும் குடுக்கறேன்னு எழுதிக்கோங்க" என்றேன். ரத்தம் கொடுத்ததால் விட வேண்டிய இடைவெளி, மறுபடியும் எல்லாப் பரிசோதனைகளும் என்று அதற்குப் பிறகும் நாள் ஓடியது. என் உடம்பிலிருந்து எடுப்பதற்கு என் கணவரின் கையெழுத்தும் வேண்டும் என்றார்கள். அது என்ன நியாயமோ. "உனுக்கு எதுனா ஒண்ணுன்னா நான் ரெண்டு புள்ளைங்கள வச்சிக்கினு இன்னா பண்ணுவேன்?" என்று அவர் கேட்டார். பேனாவை வாங்கிக் கோணலாகக் கையெழுத்துப் போட்டார்.

அறுவை சிகிச்சை அன்று காலை தாலியையும் மெட்டியையும் கழற்றச் சொன்னார்கள். அம்மா அவற்றை முந்தானையில் முடிந்துகொண்டார். இடது இடுப்பில் நர்ஸ் பேனாவால் ஒரு அம்புக்குறி போட்டார். அது அழிந்துவிடுமோ, தப்பான பக்கம் அறுத்துவிடுவார்களோ என்று கையால் மூடிக்கொண்டேன். உள்ளே கொண்டுபோகும் முன் அண்ணனின் தள்ளுவண்டியும் என்னுடையதும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒரு நர்ஸ் காகிதத்தைப் பார்த்து, "ப்ளட் குரூப் சொல்லுங்க" என்றார். நான் அண்ணனைப் பார்த்தேன்.

"ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான் சிஸ்டர். வேணும்னா கார்டு கீது, காட்டச் சொல்லவா?" என்றார் அண்ணன்.

அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே பயந்தேன். அந்த நர்ஸ் என்ன நினைத்தாரோ.

கண் விழித்தபோது முதலில் வலித்தது தோள்பட்டை. வயிற்றை அறுத்தால் தோள் ஏன் வலிக்கிறது, எதையோ மாற்றி அறுத்துவிட்டார்கள் என்று பயந்து அழுதேன். வயிற்றில் செலுத்திய காற்றால் வரும் வலி, போய்விடும் என்றார்கள். முன்னாலேயே சொல்லியிருக்கலாம். மறுநாள் அம்மா ஓடி வந்து, அண்ணன் கட்டிலில் தொங்கும் பை நிறைந்து நிறைந்து மாற்றுகிறார்கள் என்றார். அந்தச் சிறுநீரைப் பார்த்து எங்கள் குடும்பம் அழுதது போல வேறு யாரும் எதைப் பார்த்தும் அழுதிருக்க மாட்டார்கள்.

அதற்குப் பிறகு அண்ணன் ஐந்து வருடம் இருந்தார். ஆசை தீரத் தண்ணீர் குடித்தார். மில்லுக்குப் போகக் கூடாது என்பதால் ஒரு சின்ன கம்பெனியில் கேட்டில் உட்கார்ந்து பாஸ் எழுதினார். கார்டில் ரத்த வகை இல்லாமல் வருபவர்களை எழுதி வரச் சொல்லித் திருப்பி அனுப்புவாராம். மகள் கல்லூரியில் சேர்ந்ததைப் பார்த்தார். நான் வருடத்துக்கு ஒரு முறை பரிசோதனைக்குப் போகும்போது லீவு போட்டுவிட்டுக் கூட வருவார். ரிப்போர்ட் வரும் வரை வாசலில் நகத்தைக் கடித்துக்கொண்டு நிற்பார். உலைக்கு முன்னால் பயப்படாத மனிதர், என் ஒரு துண்டுக் காகிதத்துக்குப் பயந்தார்.

போன மழைக் காலத்தில் காய்ச்சல் வந்தது. நுரையீரலில் தொற்று. மாற்று சிறுநீரகத்துக்காகச் சாப்பிடும் மாத்திரைகளால் உடம்புக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு என்று நமக்குத் தெரியும். பன்னிரண்டு நாள். முகமூடியை விலக்கிவிட்டு என்னிடம் கடைசியாகக் கேட்டது, "உன் ரிப்போட்டு வந்துச்சா?" வந்துவிட்டது, நன்றாக இருக்கிறது என்றேன். தலையை ஆட்டினார்.

சிறுநீரகம் வீணாகிவிட்டதே என்று சிலர் சொன்னது என் காதில் விழுந்தது. வீணாகவில்லை. கடைசி நாள் வரை அது வேலை செய்தது என்று டாக்டரே சொன்னார். தாங்காமல் போனது நுரையீரலும் இதயமும். இதயம் முன்பே பலவீனமாக இருந்தது என்றார். நான் அவரை வராந்தாவில் நிறுத்தி, "அந்த எட்டு மாசம் லேட்டானதாலயா சார்?" என்று கேட்டேன். "அதை யாராலும் பிரிச்சுச் சொல்ல முடியாதும்மா" என்றார்.

முடியாது என்று அவர் சொன்னது ஆறுதலுக்கா, உண்மையா என்று எனக்குத் தெரியவில்லை. அதுதான் இப்போது என் பயம். அறுவை சிகிச்சைக்கு முன் இருந்த பயம் அறுத்ததும் முடிந்துவிட்டது. இது முடியாது.

இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். முழுதும் கேட்டார். "அந்த எட்டு மாசமும் அவரு கூட ட்ரெயின்ல போனது நானு" என்றார். ஒரு வாரம் என் போனை எடுக்கவில்லை. எட்டாம் நாள் அவரே கூப்பிட்டு, "இன்னா எழுதினியோ அப்பிடியே போடு. அவரு போட்டோ மொத பக்கத்துல வரணும்" என்றார். வந்திருக்கிறது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். டயாலிசிஸ் பிரிவின் நர்ஸ்களுக்கும், மூச்சு வாங்கி நின்ற அண்ணனுக்கு இடம் கொடுத்து எழுந்த, பெயர் தெரியாத ரயில் பயணிகளுக்கும் நன்றி. இரண்டு அறுவை சிகிச்சையும் முடியும் வரை தண்ணீர்கூடக் குடிக்காமல் வாசலில் உட்கார்ந்திருந்த தம்பிக்கு நன்றி. கோணல் கையெழுத்துப் போட்ட என் கணவருக்கு நன்றி. வடை சுட்ட அத்தைக்கும் நன்றி, அவர் சொன்னது உண்மை. மில்லிலிருந்து மேஸ்திரியைத் தூக்க வந்த அத்தனை பேருக்கும் நன்றி. கதவைச் சாத்திவிட்டு, வேண்டாம் என்றால் சொல்லுங்கள் என்று கேட்ட டாக்டரம்மாவுக்கு நன்றி. அவர் அன்று அந்தக் கதவைத் திறக்காமல் இருந்திருந்தால் அண்ணன் எட்டு மாதம் முன்பே தண்ணீர் குடித்திருப்பார். இருந்தும் நன்றி சொல்கிறேன். அப்படிக் கேட்பவர் வேண்டும்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நம் குடும்பத்தில் நாளை யாராவது அந்த அறைக்குள் போய், முடியாது என்று சொல்லிவிட்டு வெளியே வரலாம். ஆணோ பெண்ணோ, யாராக இருந்தாலும் காரணம் கேட்காதீர்கள். என்னை இனி தெய்வம் என்று சொல்லாதீர்கள்.

போன மாதம் என் வருடாந்திரப் பரிசோதனைக்குத் தனியாகப் போனேன். ஷிப்டு முடித்து, யூனிபார்மோடு கும்மிடிப்பூண்டியில் ரயில் ஏறினேன். பொன்னேரியில் கூட்டம் நெருக்கிக்கொண்டு உள்ளே வந்தது. கார்டை எடுத்துத் துப்பட்டாவுக்குள் போட்டுக்கொண்டேன்.